வந்த வாசலும் நின்ற இடமும்: ஆப்கானியர், மொராக்கோவினர் வாழ்நிலை ஒப்பீடு குறித்து

ஐரோப்பிய முஸ்லிம்களைப் பற்றி எழுதுவோரிடையே ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இரண்டு முஸ்லிம் சமூகங்களை எடுத்துக்கொள்கின்றனர்; அவற்றின் வருமானம், கல்வி, வேலையின்மை, அரசு உதவித்தொகை ஆகியவற்றை எதிரெதிராக நிறுத்துகின்றனர்; எது முன்னேறிற்று, எது பின்தங்கிற்று எனத் தீர்ப்பும் வழங்கிவிடுகின்றனர். நெதர்லாந்தில் இவ்வாறு கூண்டிலேற்றப்படுவோர் பெரும்பாலும் மொராக்கோவினர். அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல அழைக்கப்படுவோர் ஆப்கானியர். இவர்களும் முஸ்லிம்கள்தாமே, இவர்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகம் செல்லும்போது அவர்களின் பிள்ளைகள் ஏன் தெருமுனையில் நிற்கின்றனர் என்பது வாதம். முஸ்லிம்கள்மீது வெறுப்புக் கொண்டோர் மட்டும் இவ்வாறு பேசினால் நாம் பொருட்படுத்தத் தேவையில்லை. நம்மவரிலேயே நல்லெண்ணம் உடைய சிலரும், மார்க்கம் முன்னேற்றத்திற்குத் தடையாகாது என நிறுவும் ஆர்வத்தில், ஆப்கானிய மாணவனைச் சுட்டிக் காட்டுகின்றனர். காட்டிய கையோடு மொராக்கோத் தொழிலாளியின் மகனைக் கைவிட்டுவிடுகின்றனர். இந்த ஒப்பீடு எவ்வளவு தூரம் செல்லுபடியாகும் என்பதே நம் கேள்வி.

நெதர்லாந்தின் மத்தியப் புள்ளிவிவர நிலையம் வெளியிடும் அட்டவணைகளின் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. மொராக்கோப் பின்புலம் உடையோர் அங்கு 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். ஆப்கானியப் பின்புலம் உடையோர் 50,000க்கும் மேற்பட்டோர். பல்கலைக்கழகத்துக்கு இட்டுச் செல்லும் உயர்நிலைப் பள்ளிப் பிரிவுகளில் சேரும் ஆப்கானியப் பிள்ளைகளின் விகிதம் மொராக்கோப் பிள்ளைகளின் விகிதத்தைவிட உயர்ந்ததே. ஒப்பிடுவோர் இந்த வரியோடு நின்றுவிடுகின்றனர். பெற்றோரின் தலைமுறைக்குச் சென்று பார்ப்பின், காபூலில் பட்டம் பெற்ற தந்தையும் ரீஃப் மலையில் எழுத்தறியாது வளர்ந்த தந்தையும் அரசு உதவித்தொகையின் ஒரே வரிசையில் நிற்கக் காண்கிறோம். இரு சமூகங்களிலும் உதவித்தொகையை நம்பி வாழ்வோரின் பங்கு நாட்டின் பொது விகிதத்தைவிட மிக அதிகம். கல்வி ஒன்றே வளத்தைத் தருவதாயின் இவ்வாறு நேர்ந்திராது. எதிரெதிர் முனைகளிலிருந்து புறப்பட்ட இருவர் ஒரே இடத்தில் வந்து நிற்பது எவ்வாறு?

முதலில் மொராக்கோவினரை எடுத்துக்கொள்வோம். போருக்குப் பிந்திய ஐரோப்பாவின் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டனர். ஜெர்மனியும் பிரான்சும் 1963இலும், பெல்ஜியம் 1964இலும், நெதர்லாந்து 1969இலும் மொராக்கோவுடன் ஆள்சேர்ப்பு ஒப்பந்தங்கள் செய்துகொண்டன. நெதர்லாந்து சென்றோரில் மிகுதியானவர் வடக்கே நாடோர், அல்ஹுஸைமா பகுதிகளைச் சேர்ந்த ரீஃப் மலைவாசிகள். அவர்களின் தாய்மொழி தமாஸிக்த். அரபு என்பது குர்ஆன் மத்ரஸாவில் ஓதியதோடு சரி. அப்பகுதி 1956 வரை ஸ்பெயினின் ஆளுகையில் இருந்தமையால், ஏனைய மொராக்கோவினருக்குக் கிட்டிய பிரெஞ்சு மொழியும் அவர்களுக்குக் கிட்டவில்லை. 1958-59ஆம் ஆண்டுகளில் ரீஃபில் எழுந்த கிளர்ச்சி கடுமையாக ஒடுக்கப்பட்ட பின்னர், அங்கிருந்து இளைஞர் வெளியேறுவதை அரசே விரும்பிற்று என்பதும் வரலாறு.

எத்தகையோர் தேர்ந்தெடுக்கப்பட்டனர் என்பதற்குப் பிரெஞ்சு நிலக்கரிச் சுரங்கங்களுக்காகத் தென் மொராக்கோவில் ஆள் திரட்டிய ஃபெலிக்ஸ் மோரா என்பவரின் பெயரை இன்றும் அம்மக்கள் சொல்வர். வரிசையில் நிறுத்தி உடலைச் சோதித்து, தேறியவரின் மார்பில் பச்சை முத்திரையும் தேறாதவருக்குச் சிவப்பு முத்திரையும் குத்துவாராம். பல்லாயிரவர் இவ்வாறு சென்றனர். எழுதப் படிக்கத் தெரிந்திருத்தல் அங்கு ஒரு தகுதியாகவே கருதப்படவில்லை. உடல் வலிமைக்காக மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு, அரை நூற்றாண்டு கழித்து அவர்களின் கல்வித் தரத்தை அளந்து குறை கூறுவது என்ன நியாயம்?

இதன் பின்னர் நேர்ந்ததை ஒப்பிடுவோர் அரிதாகவே எழுதுகின்றனர். 1973ஆம் ஆண்டு எண்ணெய் நெருக்கடியோடு ஆள்சேர்ப்பு நின்றது. அடுத்த பத்தாண்டுகளில் நெதர்லாந்தின் நெசவாலைகளும் கப்பல் கட்டும் துறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. நாற்பதை எட்டிய ஆயிரக்கணக்கான மொராக்கோத் தொழிலாளர் வேலையிழந்து, உடல் இயலாதோர்க்குரிய உதவித்தொகைப் பட்டியலுக்கு மாற்றப்பட்டனர். மனைவி மக்கள் தாயகத்திலிருந்து வந்து சேர்ந்ததும் பெரும்பாலும் அதே காலத்தில்தான். அதாவது, தந்தை வேலையிழந்த ஆண்டுகளிலேயே மகன் புரியாத மொழியில் பள்ளியில் சேர்க்கப்பட்டான்.

ஆப்கானியர் புகுந்த வாசல் முற்றிலும் வேறு. 1992 ஏப்ரலில் நஜீபுல்லாஹ்வின் ஆட்சி வீழ்ந்தது. 1996 செப்டம்பரில் தாலிபான்கள் காபூலைக் கைப்பற்றினர். இவ்விரு அலைகளிலும் நெதர்லாந்தை அடைந்தோரில் நகரவாசிகளே மிகுதி: அரசு அலுவலர், படை அதிகாரிகள், மருத்துவர், பொறியாளர், ஆசிரியைகள். அத்துணைத் தொலைவு கடக்கப் பெரும் பணம் வேண்டும். வீட்டையும் நகையையும் விற்கக் கூடியவரே ஐரோப்பாவை எட்டினர். அவர்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை. முகாமில் தங்க வைத்து, விண்ணப்பம் முடிவாகும்வரை காத்திருக்கச் செய்தனர். பலருக்கு அக்காத்திருப்பு ஆண்டுக்கணக்கில் நீண்டது. புகலிடம் கோருவோர் ஆண்டில் 24 வாரங்களுக்கு மேல் ஊதிய வேலை செய்யலாகாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலம் நிலவி, 2023இல்தான் உயர் நிர்வாக நீதிமன்றத்தின் தீர்ப்பால் நீங்கிற்று. பழைய ஆட்சியின் உளவுத்துறை அதிகாரிகளாய் இருந்தோர்க்கு, அகதிகள் உடன்படிக்கையின் 1எஃப் பிரிவைக் காட்டிப் புகலிடம் மறுக்கப்பட்டது. அவர்களுள் பலரைத் திருப்பி அனுப்பவும் இயலவில்லை. குற்றம் செய்தோர் அவர்களுள் இருந்திருக்கலாம், அது வேறு வழக்கு. நாம் கூற வருவது, குடும்பத் தலைவர் சட்டப்படி ஒரு யூரோகூட ஈட்ட இயலாது ஆண்டுக்கணக்கில் வீட்டில் முடங்கிய குடும்பங்களும் அந்த அட்டவணையின் சராசரிக்குள் அடங்கியிருக்கின்றன என்பதே.

இவ்விடத்தில் இப்னு பதூதா (ரஹ்) நம் நினைவுக்கு வருகிறார். மொராக்கோவின் தஞ்சா என்னும் டான்ஜியர் நகரில் பிறந்து, ஹிந்துகுஷ் மலையைக் கடந்து, காபூல் வழியாக இந்தியா வந்தவர். நம் மஅபர் கரையிலும் தங்கிச் சென்றவர். டில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காழியாக நியமித்தபோது, தாம் மாலிகி மத்ஹபினர் என்றும், இவ்வூரார் ஹனஃபிகள் என்றும், தமக்கு இவர்களின் மொழி தெரியாது என்றும் அவர் தயங்கினார். சுல்தான் உதவிக் காழிகள் இருவரை அவருக்குத் துணையாக அமர்த்திவிட்டார். மக்ரிபில் கற்ற கல்வி டில்லியில் ஏற்கப்பட்டது. காபூலில் பெற்ற மருத்துவப் பட்டம் ராட்டர்டாமில் அவ்வாறே ஏற்கப்படவில்லை. நோயாளியின் மொழியறியாத மருத்துவரை எந்த அரசும் நேரே அமர்த்தாது என்பது சரியே. ஆயினும், காத்திருந்த ஆண்டுகளை மொழி கற்பதற்கும் தேர்வெழுதுவதற்கும் உரிய காலமாக ஆக்கியிருக்கலாம். முறையான மொழிப் பயிற்சி தங்கும் அனுமதிக்குப் பின்னரே என்றிருந்ததால், நாற்பது வயது மருத்துவர் ஐம்பதை நெருங்கும்போது வாடகை வண்டி ஓட்டத் தொடங்கினார்.

புலம்பெயர்ந்தோர் ஒரே ஊரில், ஒரே மார்க்கத்தில் இருந்தும் பொருள்நிலையில் வேறுபடுவது நம் வரலாற்றுக்குப் புதிதன்று. மதீனா வந்த அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களுக்கு, அன்சாரித் தோழர் சஅத் பின் ரபீஉ (ரலி) தம் செல்வத்தில் பாதியை அளிக்க முன்வந்தார்கள். அதை ஏற்காது, சந்தை எங்குள்ளது என்று கேட்டுச் சென்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. நம் மேடைகளில் இந்நிகழ்ச்சி உழைப்பின் சிறப்புக்கு எடுத்துக்காட்டாகவே கூறப்படுகிறது, தவறில்லை. ஆனால் அதே மதீனாவில், அதே பள்ளிவாசலின் திண்ணையில், உடுத்த முழு ஆடையின்றி அஹ்லுஸ் ஸுஃப்பாவினர் இருந்தனர். அவர்களைச் சோம்பியவர் என எந்த ஆலிமும் கூறத் துணியார். மக்காவின் வணிகக் குடியில் வளர்ந்தவர் தம் தொழிலைக் கையோடு கொண்டு வந்தார். வந்த ஊரின் சந்தையில் அவரிடம் சான்றிதழ் கேட்பார் இல்லை. தொழிலும் சுற்றமும் இன்றி வந்தவர்க்குத் திண்ணையே இல்லமாயிற்று. நபி (ஸல்) அவர்கள் இரு சாராரையும் அருகருகே நிறுத்தி ஒருவரைக் காட்டி மற்றவரைப் பழித்ததாக நாம் எங்கும் படித்ததில்லை.

ஒப்பீட்டின் வலுவைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. அதே இனத்தவரை வேறொரு நாட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். மொராக்கோவினர் அமெரிக்காவுக்குச் சென்ற வழிகளில் ஒன்று, 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்படுத்திய குலுக்கல் முறை விசா. அதற்கு உயர்நிலைப் பள்ளிப் படிப்போ அதற்கு ஈடான தொழில் அனுபவமோ கட்டாயம். அவ்வாறு சென்றோரை ரீஃப் சுரங்கத் தொழிலாளியின் குடும்பத்தோடு ஒன்றாக எண்ண இயலாது. கனடாவின் கியூபெக் மாகாணம் பிரெஞ்சு மொழியறிவுக்கும் பட்டத்துக்கும் மதிப்பெண் அளித்து மக்ரிபு நாட்டவரைத் தேர்ந்தெடுத்தது. அப்பட்டதாரிகளிடையே வேலையின்மை நெடுங்காலம் மான்ட்ரியாலின் பொது விகிதத்தைவிட மிக உயர்ந்தே இருந்தது. ஆப்கானியரிலும் இவ்வாறே. 1980களில் கலிபோர்னியா சென்ற காபூல் குடும்பங்கள் வேறு. 2021 ஆகஸ்டுக்குப் பின் விமானத்தில் ஏற்றிச் செல்லப்பட்ட 70,000க்கும் மேற்பட்டோர் வேறு. இனமும் மார்க்கமும் மாறவில்லை. முடிவுகள் மட்டும் மாறுகின்றன.

அட்டவணை கூறாததை இலக்கியம் கூறுகிறதா என்றும் பார்த்தல் தகும். காலித் ஹுஸைனியின் 'தி கைட் ரன்னர்' 2003இல் வெளிவந்து உலகெங்கும் படிக்கப்பட்ட நாவல். அதன் ஒரு பகுதி கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரில் நிகழ்கிறது. காபூலில் பெருவணிகராய் இருந்த பாபா அங்கே பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்கிறார்; அரசு அளிக்கும் உணவுச் சீட்டைத் தன்மானத்தோடு திருப்பிக் கொடுக்கிறார். அவரருகிலேயே ஜெனரல் தாஹிரி இருக்கிறார். தம் தகுதிக்குக் குறைந்த வேலை எதையும் செய்யாது, அரசு உதவியில் குடும்பம் நடத்தி, தாயகத்தில் பழைய பதவி மீளும் நாளுக்காகக் காத்திருக்கிறார். ஒரே நகரின், ஒரே வகுப்பின் இரு மனிதர் இவ்வாறு பிரிவதைக் காட்டியது ஹுஸைனியின் சிறப்பு. ஆனால் பாபாவின்பால் அவருக்குள்ள பரிவு ஜெனரலின்பால் இல்லை. உதவித்தொகை பெறுவதை அவர் குணத்தின் குறையாகவே வரைகிறார். அறுபதை நெருங்கும் படைத்தலைவருக்கு அந்நாட்டில் வேறென்ன வேலை இருந்தது என்ற கேள்வி நாவலில் எழவில்லை. அதைவிட முக்கியமானது ஒன்று. வீட்டு வேலைக்காரர்களான ஹஸாராக்கள் அலியும் ஹஸனும் அமெரிக்கா செல்லவில்லை. ஹஸன் தாலிபான்களால் கொல்லப்படுகிறான். புலம்பெயர்ந்த ஆப்கானியரின் வெற்றியை அளக்கும் எந்தக் கணக்கிலும் ஹஸன் இடம்பெறான் என்பதை நாவலாசிரியர் அறிந்தே எழுதினாரா, அறியாமல் எழுதினாரா என்பது நமக்குத் தெளிவாகவில்லை. அந்நூல் நமக்குத் தரும் பெரிய செய்தி அதுவே.

தாஹிர் பின் ஜல்லூன் பிரெஞ்சில் எழுதும் மொராக்கோ எழுத்தாளர். நாவலாசிரியராகப் புகழ்பெறும் முன்னரே, பிரான்சின் வட ஆப்பிரிக்கத் தொழிலாளரின் மனநோய்களை ஆராய்ந்து நூலெழுதியவர். அவருடைய 'ஓ பேயி' என்ற 2009ஆம் ஆண்டு நாவல், பிரான்சின் கார் தொழிற்சாலையில் நாற்பதாண்டுகள் உழைத்து ஓய்வுபெறும் முஹம்மது என்பவரின் கதை. வேலை இல்லாத நாளை எண்ணி அஞ்சும் அவர், சொந்த ஊர் திரும்பி, தம் பிள்ளைகள் அனைவரும் வந்து வாழ்வதற்கெனப் பெருவீடு ஒன்றைக் கட்டுகிறார். பிள்ளைகள் வரவில்லை. காத்திருந்தே அவர் மடிகிறார். நம் கடற்கரை ஊர்களின் வாசகருக்கு இவ்வீட்டை விளக்கத் தேவையில்லை. இந்நாவலில் நமக்கு ஒரு குறை உண்டு. முஹம்மதின் ஈமானை ஆசிரியர் மதிக்கிறார். அவரது அறிவை மதிப்பதில்லை. குழந்தையுள்ளம் கொண்ட எளியவராகவே அவரைக் காட்டுவதில் ஆசிரியருக்கு ஏனோ நிறைவு. நாற்பதாண்டுகள் ஊதியத்தில் மிச்சம் பிடித்து, இரு நாடுகளின் கணக்கையும் தலையில் வைத்திருந்த மனிதர் அத்துணைப் பேதையாக இருந்திருக்க மாட்டார்.

அந்த வீட்டின் பொருளியலைச் சற்று நோக்குவோம். ஐரோப்பாவில் வாடகைக் குடியிருப்பில் வாழும் மொராக்கோத் தொழிலாளியின் சேமிப்பு எங்கே சென்றது என்று அங்குள்ள வருமான அட்டவணை கேட்பதில்லை. அவரை ஏழை என்று மட்டும் பதிகிறது. அதே வீட்டை உதவித்தொகைச் சட்டம் நன்றாகவே காண்கிறது. நெதர்லாந்தில் முதியோர் ஓய்வூதியம் அந்நாட்டில் வாழ்ந்த ஆண்டுக்கு 2 விழுக்காடு என்ற கணக்கில் சேர்கிறது. முப்பது வயதில் வந்தவர்க்கு அது முழுமையாவதில்லை. நாற்பத்தைந்தில் வந்த ஆப்கானியருக்குப் பாதியும் தேறாது. குறைவை ஈடுசெய்யத் தனி உதவித்தொகை உண்டு. ஆனால் அதைப் பெறச் சொத்து ஒரு வரம்புக்குள் இருத்தல் வேண்டும், வெளிநாட்டு வீடும் சொத்தே. ஆகவே மொராக்கோவில் பூட்டிக் கிடக்கும் வீடு கண்டறியப்பட்டால் ஈடு நிறுத்தப்படும். ஆப்கானிய முதியவருக்கு இத்தொல்லை குறைவு. அவருடைய வீடு குண்டுவீச்சில் போயிற்று, அல்லது வழிச்செலவுக்கு விற்கப்பட்டது.

சொந்த வீடு பற்றி மற்றொன்றும் கூற வேண்டும். ஐரோப்பாவில் நடுத்தரக் குடும்பத்தின் செல்வம் என்பது பெரும்பாலும் வங்கிக் கடனில் வாங்கிய வீடே. வட்டிக்கு அஞ்சி ஒதுங்கிய முஸ்லிம், வாடகையிலேயே ஆயுளைக் கழித்து, செல்வப் பட்டியலின் அடியில் நிற்கிறார். ஐரோப்பிய ஃபத்வா ஆய்வு மன்றம் 1999இல் வேறு வழியற்றோர் முதல் வீட்டுக்கு வங்கிக் கடன் பெறலாம் எனக் கூறியபோது, தேவை நிர்ப்பந்தத்தின் இடத்தைப் பெறும் என்ற விதியோடு ஹனஃபி மத்ஹபின் கருத்தொன்றையும் துணைக்கு அழைத்தது. அத்தீர்ப்பை ஏற்ற ஆலிம்களும் மறுத்த ஆலிம்களும் உண்டு. அவ்விவாதத்துள் நாம் நுழையவில்லை. மார்க்கப் பேணுதலுக்காக ஒருவர் விட்டுக்கொடுத்த செல்வத்தை, அவரது இயலாமையின் அளவாகப் பதியும் கணக்கு நம் கைக்கு வரும்போது அதை அப்படியே ஏற்கலாகாது என்பது மட்டுமே நம் கூற்று.

தாயகத்தோடு உள்ள பொருளுறவிலும் இரு சமூகங்களும் ஒன்றல்ல. வெளிநாடு வாழ் மொராக்கோவினர் அனுப்பும் பணம் 2022 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி திர்ஹமைக் கடந்துவிட்டது. அரசு அவர்களுக்கென அறக்கட்டளை வைத்திருக்கிறது; கோடையில் கப்பல் துறைகளில் வரவேற்பு ஏற்பாடு செய்கிறது. அவர்கள் விடுமுறைக்குச் சென்று மீளலாம். ஆப்கானியர் அனுப்பும் பணம் பெரும்பாலும் உறவினரின் அன்றாட உணவுக்கே செலவாகிறது. 2021 ஆகஸ்டுக்குப் பின் ஆப்கான் மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலர் அமெரிக்காவில் முடக்கப்பட்டு வங்கிகள் நிலைகுலைந்தபோது, ஹவாலா ஒன்றே வழியாயிற்று. ஃபிக்ஹு நூல்களில் தனி அத்தியாயமாக நாம் கற்பிக்கும் அச்சொல், நம் நாட்டுச் செய்தித்தாள்களில் குற்றத்தின் பெயராகிவிட்டது வேறு கதை. ஆம்ஸ்டர்டாமில் சம ஊதியம் பெறும் ஒரு மொராக்கோவினரும் ஓர் ஆப்கானியரும் மாதக் கடைசியில் சமமாக இருப்பதில்லை.

வருமானம் என்று பதியப்படும் எண்ணுக்குள் அநீதியும் ஒளிந்திருக்கும். பிரான்சின் அரசு இரயில்வே 1970களில் மொராக்கோவிலிருந்து ஆட்களைச் சேர்த்தது. பிரெஞ்சுக் குடியுரிமை உடைய ஊழியரோடு அவர்கள் ஒரே பணியைச் செய்தனர். ஆயினும் இரயில்வே ஊழியருக்குரிய நிரந்தரத் தகுதி அளிக்கப்படாமல் தனி ஒப்பந்தத்தில் வைக்கப்பட்டனர். பதவி உயர்வும் ஓய்வூதியமும் அதற்கேற்பக் குறைந்தன. அவர்களை மக்கள் 'சீபானி' என்றனர். நரையைக் குறிக்கும் 'ஷைப்' என்னும் அரபு வேரிலிருந்து வந்த மக்ரிபு வழக்கு இது. 800க்கும் மேற்பட்ட சீபானிகள் வழக்குத் தொடுத்தனர். 2015இல் தொழிலாளர் நீதிமன்றமும், 2018 ஜனவரியில் பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றமும் பாகுபாடு காட்டப்பட்டதை உறுதிசெய்து இழப்பீடு வழங்க உத்தரவிட்டன. தீர்ப்பைக் காணாமலே மறைந்தோர் அவர்களுள் உண்டு. தீர்ப்புக்கு முந்தைய ஆண்டுகளில் இந்த முதியோரின் குறைந்த ஓய்வூதியம் எத்தனை ஆய்வுகளில் மொராக்கோவினரின் பின்தங்கிய நிலைக்குச் சான்றாக எண்ணப்பட்டிருக்கும்!

இறுதியாக, கணக்கில் வராதோர். ஆப்கானியப் புலம்பெயர்வு என்பது ஐரோப்பாவில் இல்லை. அது பெரும்பாலும் பாகிஸ்தானிலும் ஈரானிலும் இருக்கிறது. பெஷாவரின் செங்கற்சூளையிலும் கராச்சியின் குப்பைமேட்டிலும் வளர்ந்த ஆப்கானியச் சிறுவனை எவரும் மாதிரிச் சமூகமாகக் காட்டுவதில்லை. பாகிஸ்தான் 2023 அக்டோபரில் ஆவணமற்றோரை வெளியேறக் கூறியபின் பல இலட்சம் பேர் எல்லை கடந்தனர். ஈரானிலிருந்து 2025ஆம் ஆண்டில் மட்டும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பினர். மொராக்கோவினரின் பக்கத்தில் விடுபடுவோர் வேறு வகையினர். நெதர்லாந்தின் கணக்குமுறையில், பெற்றோர் இருவரும் அங்கேயே பிறந்தவராயின் பிள்ளை நெதர்லாந்துப் பின்புலத்தினன் ஆகிவிடுவான். 1969ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரீஃபிலிருந்து சென்றவருக்கு அத்தகைய பேரன் இருந்து, அவன் இன்று வழக்கறிஞனாகவோ மருத்துவனாகவோ ஆகியிருந்தால், அவனுடைய வருமானம் மொராக்கோ வரியில் சேராது. பாட்டனாரின் குறைந்த ஓய்வூதியம் மட்டும் அங்கேயே நிற்கும். ஆப்கானியரின் பேரப்பிள்ளைகள் இன்னும் அந்த வயதை எட்டவில்லை.